உச்சிப்பொழுதுப் பால்

பால் குடிக்காத பிள்ளை ஏப்பம் விட்டது.

பூமயில் கையிலிருந்த புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். படகுபோல வளைந்த கண்ணாடிப் புட்டி, இரண்டு முனையிலும் ரப்பர். ஏழு அவுன்ஸ் கோட்டில் பால் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. காம்பை வாயருகே கொண்டுபோனபோதெல்லாம் பிள்ளை கோடி தலையைத் திருப்பிக்கொண்டானே தவிர அழவில்லை. அது பசித்த பிள்ளையின் முகமாகவே இல்லை. வயிறு தவில்போல இறுகியிருந்தது. விரலால் தட்டினாள். நிறைகுடத்தின் சத்தம் கேட்டது.

குனிந்து அவன் வாயை முகர்ந்தாள். டப்பா மாவுக்கு ஒரு வாசனை உண்டு. கருகிய சீனிபோல, நான்கு மாதமாக அவளுடைய விரலையும் சேலைத் தலைப்பையும் விட்டுப் போகாத வாசனை. இது அதுவல்ல. வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்து, ஒரு உடம்பிலிருந்து வருகிற வாசனை. பிள்ளை பெற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்த வாசனை.

வெளியே உச்சிவெயில் கொல்லை மணலை வறுத்துக்கொண்டிருந்தது. காக்கை கூடக் கத்தவில்லை.

பூமயில் இந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகிற பாதையில், கடற்காற்று மணலை அள்ளி வந்து வயலில் கொட்டுகிற ஊர் அது. புருஷன் வீரபத்திரனுக்கு மிளகாய்க் காடும் ஓட்டு வீடும் இருந்தன. முதல் மனைவி ராமலெட்சுமி பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் ஜன்னி கண்டு செத்துப்போனாள். தாயில்லாத பிள்ளைக்கு ஆட்டுப்பாலில் ஊருணித் தண்ணீரைக் கலந்து சங்கில் புகட்டினார்கள். வயிற்றால் போய்ப் போய், ஐந்தாம் மாதத்தில் அது வெயிலில் போட்ட நெத்திலியாக வற்றிக் கிடந்தது. தாலி ஏறிய அன்று சாயங்காலமே அந்த நெத்திலியைத் தூக்கிப் பூமயிலின் மடியில் வைத்துவிட்டார்கள். தனுஷ்கோடி என்று பெயர். கோடி என்று கூப்பிட்டார்கள்.

அவனைப் பிழைக்கவைத்தது பால்மாவு. அதைக் கலக்கச் சொல்லிக்கொடுத்தது பெரியபட்டினத்திலிருந்து வந்துபோகிற நர்ஸம்மா தாஜுன்னிசா.

"பாலுன்னு நெனைக்காத தாயி, மருந்துன்னு நெனச்சுக்க. மருந்தக் கண்ணால அளப்பாகளா? ஒரு அவுன்ஸ் வெந்நிக்கு ஒரு கரண்டி. கத்தி முதுகால தலைதட்டிப் போடணும். கெட்டியா இருந்தா நல்லதுன்னு கூடப் போட்டுறாத. டப்பா தீந்துபோகும்னு தண்ணியவும் கூட்டாத. குடிச்சு மிஞ்சினதக் கீழ கொட்டிரு. திரும்பச் சுட வச்சுக் குடுத்தியோ, பிள்ளைய அல்லாதான் காப்பாத்தணும்."

பூமயில் ஒன்றையும் விடவில்லை. சவுக்காரம் போட்டு முழங்கை வரை கை கழுவுவாள். ரப்பர் காம்பைப் புறம் திருப்பி உப்பு வைத்துத் தேய்ப்பாள். புட்டி, காம்பு, கரண்டி, கலக்குகிற கிண்ணம் எல்லாவற்றையும் குண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டு இடுக்கியால் எடுப்பாள். ஊருணித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித் தளதளவென்று கொதிக்க வைத்து, சூடு தணிவதற்குள் மாவைக் கலக்கி, புட்டியில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவாள். அந்தச் சூடு சரியாக இருக்கும்போது தோலில் விழுந்ததே தெரியாது. அந்தத் தெரியாமையில் அவளுக்கு ஒரு பெருமை.

ஏனென்றால் அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். குடம், குண்டா, தவலை, செம்பு எதை எடுத்தாலும் விளிம்பில் 'ரா. லெட்சுமி' என்று பொறித்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைத்தான் புளி போட்டு விளக்கிப் பளபளக்க வைத்தாள். பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய சேலைகூட ராமலெட்சுமியின் பழைய சிவப்புக் கண்டாங்கி. தெருவில் தூக்கிப்போனால், "அவ ஆத்தா கண்ணு அப்படியே இருக்கு பாரேன்" என்பார்கள். தூக்கிக்கொண்டு நிற்கிறவளின் முகத்தை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். புட்டியில் மட்டும் பெயர் இல்லை. பால்மாவு டப்பாவில் செத்தவளுக்குப் பங்கில்லை.

இப்போது மூன்று நாளாகக் கோடி அந்தப் புட்டியைத் தொடவில்லை.

முதலில் அவளுக்குப் பேய் பிசாசு நினைப்பெல்லாம் வரவில்லை. வந்தது ஆள் நினைப்பு. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். செவ்வந்தி களத்தில் மிளகாய்ப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மதினி, என் பிள்ளைக்கு யாரு பால் குடுக்குறது?"

"என்ன கேக்குறே?"

"நான் ஊருணிக்குப் போற நேரம் பாத்து யாரோ வீட்டுக்குள்ள வந்து குடுக்குறாக. பின்வாசல் தெறந்துதானே கெடக்கு? நீங்க பாத்திருப்பீக. இல்ல, நீங்களேதானா?"

செவ்வந்தி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பூமயிலின் கண்ணையே பார்த்தாள்.

"என் கடைசிப் பயலுக்கு நாலு வயசாகுது. எனக்கு ஏதுத்தா பாலு? இந்தத் தெருவுல நடுவீட்டுக்காரி பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. மத்ததெல்லாம் கெழடு. பால்குடி பிள்ளைன்னு இங்கன இருக்கிறது உன் பிள்ள ஒண்ணுதான்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ சரியாத் தூங்குறியா?"

மறுநாள் விடியலில் வீரபத்திரன் வண்டியில் மிளகாய் மூட்டையை ஏற்றினான். கமுதிச் சந்தையில் போட்டுவிட்டு வர ஏழெட்டு நாள் ஆகும். கிளம்புமுன் கோடியைத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினான்.

"ஏலே, என்னா கனம் கனக்குறே! ராமலெட்சுமி பெத்த சிங்கமுல்ல!" பூமயிலைத் திரும்பிப் பார்த்தான். "நல்லாத் தேத்திப்புட்டே பிள்ள. வார வெள்ளிக்கெழம வாரேன்."

அவள் தலையை ஆட்டினாள். நான் எங்கே தேற்றினேன் என்று நினைத்துக்கொண்டாள். இவன் நான்கு நாளாக என் கையால் ஒரு வாய் குடிக்கவில்லை; ஆனால் கனக்கிறான்.

அன்று உச்சிக்கு அவள் முன்கதவைத் தாழிட்டாள். பின்கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டாள். கோடியைத் தொட்டிலில் விட்டு, அடுப்படிக் கதவின் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடுக்கு வழியே கூடத்தைப் பார்த்தாள். ஓட்டின் மேல் காற்று மணலை இழுத்துக்கொண்டு போகிற சரசரப்பும், விரிசல் வழியே மணல் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்கிற சத்தமும், வேலிப்பக்கத்துப் பனையின் காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசி யாரோ கிசுகிசுப்பதுபோல் பேசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. தணிந்த அடுப்பின் சாம்பல் வாசனையும் கருவேல விறகின் கசப்பும் மூக்கில் ஏறியிருந்தன. வியர்வை முதுகில் புழுபோல் ஊர்ந்து இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. பிறகு காற்று நின்றது. ஓலை நின்றது. மணல் உதிர்வதும் நின்றது.

உத்தரத்தில் தொட்டில் முடிச்சு நறநறத்தது.

தொட்டில் ஆடவில்லை. இறங்கியது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண். சேலையின் ஒரு பக்க விளிம்பு மட்டும் கீழே அமுங்கி மடங்கியது. யாரோ முழங்கையை அங்கே ஊன்றி, உள்ளே குனிந்திருப்பதுபோல.

பிறகு அந்தச் சத்தம். இழுத்துச் சப்பி, நிறுத்தி, விழுங்குகிற சத்தம். இழுப்பு. விழுங்கல். நடுவே மூக்கால் ஒரு சின்ன முனகல். வயிறும் மனசும் நிறைகிற பிள்ளை தன்னை அறியாமல் பாடுகிற பாட்டு. நான்கு மாதத்தில் ஒருநாளும் கோடி அவள் மடியில் அப்படி முனகியதில்லை.

பூமயிலின் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிருந்தது. ஆனால் பயத்துக்கு முந்தி அவளுக்குள் வேறொன்று வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து மிளகாய் நெடிபோல ஏறி, கண்ணில் நீரைக் கொண்டுவந்தது அது. எழுந்தாள். ஓடினாள். தொட்டிலை இரு கையாலும் விரித்தாள்.

கோடி மட்டுந்தான் கிடந்தான். கடைவாயில் பால் வழிந்திருந்தது. டப்பாப் பாலின் மஞ்சள் இல்லை அதில். நீலம் பாரித்த வெளுப்பு. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தான்.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் முடிவுசெய்தாள். சொன்னால் ஊர் நடுங்காது, உருகும். "செத்தும் பிள்ளையத் தேடி வந்திருக்காளே, பெத்த வயிறில்லையா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழும். மறுநாளே கல் நட்டு, மஞ்சள் பூசி, ராமலெட்சுமியைத் தெய்வமாக்கிக் கும்பிடும். பூமயில் அந்தத் தெய்வத்தின் பிள்ளைக்குப் புட்டி அவிக்கிறவளாகவே காலத்தைத் தள்ளவேண்டியதுதான்.

மறுநாள் காலையில் சிவப்புக் கண்டாங்கியை உத்தரத்திலிருந்து அவிழ்த்தாள். புட்டி அவிக்கிற அடுப்பிலேயே அதைத் திணித்து எரித்தாள். தன்னுடைய கூரைச் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டினாள். தொட்டிலுக்குக் கீழே அரிவாளை வைத்தாள். வாசலிலும் பின்வாசலிலும் வேப்பங்குலை செருகினாள். பிறகு கை கழுவி, தண்ணீர் கொதிக்க வைத்து, ஏழு கரண்டி தலைதட்டிப் போட்டுக் கலக்கி, ஆற்றிய புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டிலடியில் உட்கார்ந்தாள்.

உச்சிக்கு முடிச்சு நறநறத்தது. அரிவாளோ வேப்பிலையோ எதையும் தடுக்கவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் பூமயில்.

இறங்கிக்கொண்டிருந்த தொட்டில் அப்படியே நின்றது.

"நீ பெத்தே. அம்புட்டுத்தான் நீ செஞ்சது. இவன் வயித்தால போயி கண்ணு சொருகிக் கெடந்தானே, அப்ப எங்கன போயிருந்தே? புட்டி அவிச்சு அவிச்சு வெந்துபோனது என் கை. பாரு, நல்லாப் பாரு. இவன் ஒடம்புல ஓடுறது நான் அளந்து போட்ட மாவு. எம்பிள்ளைய எனக்குத் தெரியாமத் திருடிக் குடிக்க வைக்குறியே, வெக்கமா இல்ல? வீட்டுல இருக்குற ஏனமெல்லாம் உன்னுது. அந்த ஆம்பளை நெனப்பும் உன்னுதுதான். அதெல்லாம் வச்சுக்க. இவன விட்டுரு. செத்தவ பாலு எம்பிள்ளைக்கு வேண்டாம். உன் பிள்ளைன்னு இங்கன ஒண்ணும் இல்ல. போ!"

வீட்டில் எதுவும் அசையவில்லை. தொட்டில் விளிம்பு மெதுவாக நிமிர்ந்தது. தரையில் ஏதோ விழுந்தது, மழையின் முதல் சொட்டுபோல. பூமயில் குனிந்து பார்த்தாள். சாணி மெழுகிய தரையில் இரண்டு வெள்ளைச் சொட்டுகள், பக்கத்தில் பக்கத்தில். ஒரு எட்டுத் தள்ளி இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, பின்வாசல்வரை. நிலைப்படியில் மட்டும் சொட்டுகள் சேர்ந்து சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தன. யாரோ அங்கே நின்று நெடுநேரம் திரும்பிப் பார்த்ததுபோல. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

அவள் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதற்குள் எறும்பு சாரை பிடித்துவிட்டது.

கோடி வீறிட்டு அழுதான். ஒரு நாழிகை அழுதான். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறிப்போன பாலைக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அவித்து, புதிதாகக் கலக்கி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, காம்பை அவன் வாயில் வைத்தாள். அவன் விசும்பிக்கொண்டே இழுத்தான். கோடு கோடாகப் பால் இறங்கியது. ஆறு. ஐந்து. மூன்று. கண்ணாடியில் நுரை மட்டும் மிஞ்சியது. பூமயில் காலிப் புட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

இரண்டு நாள் அவள் அந்த வீட்டின் மகாராணியாக இருந்தாள்.

மூன்றாம் நாள் உச்சியில், கோடி அவள் மடியில் புட்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, கொல்லையில் ஒரு குழந்தை அழுதது.

பூனை என்று நினைத்தாள். ஆட்டுக்குட்டி என்று நினைத்தாள். மெலிந்த குரல், கோபத்தில் வருகிற அழுகை இல்லை, அழவும் தெம்பில்லாத பசியழுகை. வேலியோரம் கேட்டது. போய்ப் பார்த்தாள். வெயிலும் மணலும்தான் இருந்தன. மறுநாள் அது ஜன்னலுக்குக் கீழே கேட்டது. அன்று சாயங்காலம் மிச்சப்பாலைக் கொட்டப் போனபோது, காலையில் கொட்டிய இடத்தைப் பார்த்தாள். பால் ஊறிய மண் அங்கே இல்லை. சுரண்டி எடுத்த குழி இருந்தது. குழியைச் சுற்றி மணலில் நகக்கீறல்கள். நெல் அகலத்துக்கு ஒவ்வொன்றும். ஐந்து ஐந்தாக.

அதற்கு மறுநாள், வியாழக்கிழமை, தாஜுன்னிசா வந்தாள். பையிலிருந்து வில்தராசை எடுத்துக் கோடியைத் துணித்தூளியில் தொங்கவிட்டு நிறுத்தாள்.

"மாஷா அல்லா! ஒன்பது மாசத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கேவுருக் கூழும் ஊட்டு, புட்டியவும் விட்டுறாத." பின்வாசல் வேப்பங்குலையைப் பார்த்தாள். தொட்டிலடி அரிவாளைப் பார்த்தாள். "இதெல்லாம் என்ன தாயி?"

"பூனைத் தொல்ல நர்ஸம்மா."

தாஜுன்னிசா ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியோரத்துப் பனையடியில் அவள் கண் நிலைத்தது.

"மேல கல்லு ஒண்ணு வச்சிருந்தாகளே. காத்துல மண்ணு மூடிருச்சு போல."

"என்ன கல்லு?"

"வீரபத்திரன் உங்கிட்டச் சொல்லலையா?" அவள் குரல் தணிந்தது. "பொறந்தது எரட்டப் பிள்ளை தாயி. ரெண்டும் ஆம்பளப் பிள்ள. சின்னவன் எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். சப்பத் தெம்பில்ல. மூணாம் நாளே போயிட்டான். அந்தப் பனையடியிலதான் பொதச்சாக. ராமலெட்சுமிக்கு ஜன்னி வந்து நெனவு தப்புற வரைக்கும் ஒரே கேள்வி. 'நர்ஸம்மா, சின்னவனுக்கு யாரு குடுப்பா? சின்னவனுக்கு யாரு குடுப்பா?' நான் குடுக்குறேன், நீ தூங்குன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

நர்ஸம்மா போய்விட்டாள். பூமயில் ஜன்னல் வழியே பனையடியைப் பார்த்தாள். முதலில் வந்தது பழைய எரிச்சல்தான்: இந்தத் துக்கத்தைக்கூட வீரபத்திரன் தன்னிடம் பகிரவில்லை, அதையும் செத்தவளுக்கே வைத்துக்கொண்டான். அது அடங்கிய பிறகுதான் மற்றது மெதுவாகப் புரிந்தது. ராமலெட்சுமி வந்தது ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. கோடிக்குக் கொடுத்துவிட்டு பின்வாசல் வழியே கொல்லைக்குத்தான் போயிருக்கிறாள். அவளை விரட்டியாயிற்று.

வெயில் ஏறியது. அழுகை கேட்டது. பின்கதவுக்கு வெளியே. கதவின் அடியில். தரை மட்டத்தில்.

பூமயில் கை கழுவினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே கரண்டியைத் தலைதட்டினாள். எண்ணிக்கை தவறியது. கொட்டினாள். திரும்ப எண்ணினாள். கோடி குடித்தான். தொட்டிலில் போட்டதும் தூங்கினான். அந்த நேரமெல்லாம் கதவடியில் அழுகை இருந்தது. தேய்ந்தது. விக்கியது.

நின்றது.

கதவைப் பார்த்தாள். குறுக்குக் கட்டை போட்டபடியே இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. நான்கு நாள் தூக்கம் ஒரேயடியாக வந்து அவள் கண்ணை அமுக்கியது. தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரம் மட்டும், என்று நினைத்துக்கொண்டாள்.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே, மாராப்புக்குள் ஏதோ நகர்ந்தது. தேடியது. ஈரமாக ஒரு வாய் அவள் மார்க்காம்பைக் கவ்வியது.

கோடி. தொட்டிலிலிருந்து இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்தாள். தேடி வந்துவிட்டான், புட்டியை அல்ல, தன்னை. பிள்ளை பெறாத அந்த மாரை அது இழுத்தது. நரம்பெல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியில் சுருண்டன. சுருக்கென்று ஒரு வலி. அதன் பின்னே, கட்டியிருந்த ஏதோ உடைந்து ஒரு சூடு இறங்கியது. பால். அவளுடைய பால். கண்ணை மூடியபடியே அவள் அழுதாள். பாத்தியா ராமலெட்சுமி, என்றாள் உள்ளுக்குள். பாத்தியா. இப்ப யாரு ஆத்தா?

கையைக் கொண்டுபோய்த் தலையைத் தடவினாள்.

தலை உள்ளங்கைக்குள் அடங்கியது.

தேங்காய்கூட இல்லை. ஒரு எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிது. குளிர்ந்திருந்தது. விரலிடுக்கில் மணல் நெருடியது.

கோடிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல். இந்த வாயில் பல் இல்லை.

மேலே தொட்டில் நறநறத்தது. பூமயில் கண்ணைத் திறந்தாள். கோடி தொட்டில் சேலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அல்ல. அவளுடைய மாராப்பை. அது ஏறி இறங்குவதை. பார்த்துச் சிரித்தான். தெரிந்தவரைப் பார்க்கிற சிரிப்பு.

பூமயில் குனிந்து பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

இழுப்பு. விழுங்கல். இழுப்பு. விழுங்கல்.

சத்தம் நின்றது. வாய் காம்பை விட்டது. மூச்சுவாங்கியது.

பிறகு சேலைக்குள் அது மெல்ல ஊர்ந்து, மறுபக்கத்தைத் தேடியது.